புகையைப் பிடிக்கும் படிப்பு நம் பெண்களுக்கு வேண்டாமா?

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சிஸ்டர் கேட்டபோது, ‘அன்றாட வாழ்வில் வேதியியல்’ என்று வழக்கம்போல் ஏதேனும் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவி கேட்ட கேள்வி என் நெஞ்சை விட்டு அகலவில்லை. அதற்கு வகுப்பில் நான் சொன்ன விடை அரைகுறையானது. முழு விடையை இங்கே எழுத முயல்கிறேன். இதைப் படிக்க வேண்டியவர்கள் மாணவியர் மட்டுமல்லர். அவர்களைப் பெற்ற தாய் தந்தையரும் படிக்க வேண்டும்.

அன்று பன்னிரண்டாம் வகுப்பிற்கு உப்புப் பகுப்பாய்வு. கார்பனேட் உப்பில் அமிலத்தை ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். எழும் வாயுவைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில் செலுத்தினால் அது பால்போல் வெளுக்கும். அதுவே கரியமில வாயு இருப்பதற்குச் சான்று. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான முறை நான் பார்த்துச் சலித்த சோதனை இது. ஆனால் அந்தப் பெண் சோதனைக் குழாயைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்: “டீச்சர், வாயு இதுக்குள்ளே மாட்டிக்கிட்டதுதானே? அப்படின்னா நெய்வேலிப் புகைபோக்கியிலே வர்ற வாயுவையும் இப்படிப் பிடிச்சா என்ன?”

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உலகத்தின் பெரிய பெரிய பல்கலைக்கழகங்களில் பேராசிரியர்கள் முப்பது, நாற்பது ஆண்டுகளாகக் கேட்டு வரும் கேள்வியல்லவா அது? சேத்தியாத்தோப்புப் பெண் ஒருத்தி, யாரும் சொல்லிக் கொடுக்காமலே அதைக் கேட்டுவிட்டாள்.

அவள் கேட்டதில் வியப்பில்லை என்றும் சொல்லலாம். வெள்ளாற்று அணைக்கட்டின் மேல் நின்று வடக்கே பார்த்தால் நெய்வேலியின் திசை. நம் ஊரின் வாழ்வு அந்தத் திசையோடு பின்னிக் கிடக்கிறது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டுகையில் கருநிறப் பொருள் வெளிப்பட்டது. 1956-ல் நிறுவனம் அமைந்தது. 1957 மே 20 அன்று பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் மின்சாரம் பிறந்தது. அந்த முதல் மின் நிலையம் ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் உழைத்து, 2020-ல் ஓய்வு பெற்றுவிட்டது. அதன் பின்வந்த நிலையங்கள் எரிந்துகொண்டிருக்கின்றன. நம் வகுப்பறையில் சுரங்கச் சம்பளத்தில் வளரும் பெண்ணும் இருக்கிறாள். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்துப் பெண்ணும் அவள் பக்கத்தில் அமர்ந்திருக்கிறாள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கிய நாட்களில், ஒரே பெஞ்சில் இருந்த இருவர் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்ததை நான் கண்டேன். எனவே புகையைப் பற்றிய கேள்வி நமக்கு வெறும் ஏட்டுக் கேள்வியன்று.

சரி, பிடிக்க முடியுமா? முடியும். அதற்கு ஆய்வுக்கூடம்கூட வேண்டியதில்லை. பொங்கலுக்கு நம் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோமே, அந்தச் சுண்ணாம்பு நாட்பட இறுகுவது ஏன்? காற்றிலுள்ள கரியமில வாயுவை அது மெல்ல மெல்ல உறிஞ்சி மீண்டும் சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. நம் பாட்டிமார் மட்டையால் தீட்டிய ஒவ்வொரு சுவரும் கரியமில வாயுவைப் பிடித்து வைத்த சுவர்தான்!

அப்படியானால் புகைபோக்கியின் வாயில் சுண்ணாம்பைக் கொட்டிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் சிக்கல். அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுமார் 900 டிகிரி வெப்பத்தில் சுட்டு எடுத்தது. சுடும்போது கல்லுக்குள் அடைபட்டிருந்த கரியமில வாயு முழுவதும் வெளியேறி வானத்துக்குப் போய்விட்டது. விறகின் புகை வேறு. சுவர் திரும்ப உறிஞ்சுவது, காளவாயில் விட்டதைத்தான். ஆக, பிடிப்பது எளிது. பிடித்ததை விடுவித்து, பிடிக்கும் பொருளை மறுபடி பயன்படுத்துவதுதான் கடினம். இறுகப் பற்றும் பொருள் எளிதில் விடாது. எளிதில் விடும் பொருள் இறுகப் பற்றாது. இரண்டுக்கும் நடுவே ஒரு பொருளைக் கண்டுபிடிப்பதும், அதைக் குறைந்த செலவில் வேலை வாங்குவதும்தான் இந்தத் துறையின் உயிர்நாடி. அந்த வேலையைச் செய்பவரைத்தான் இரசாயனப் பொறியாளர் என்கிறோம். இன்றைய பாடநூல்கள் வேதிப் பொறியாளர் என்று எழுதும்.

இன்று தொழிற்சாலைகளில் பெரிதும் கையாளப்படும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிலக்கரிப் புகையில் நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்கு கரியமில வாயு. புகையைச் சுமார் 40 டிகிரிக்குக் குளிர்வித்து, உயரமான ஒரு கோபுரத்தின் அடியிலிருந்து மேலே செலுத்துவார்கள். மேலிருந்து அமீன் எனப்படும் காரப் பொருள் கலந்த நீர் மழைபோல் இறங்கும். வழியில் அது கரியமில வாயுவைப் பற்றிக்கொள்ளும். அந்த நீரை இன்னொரு கோபுரத்துக்குக் கொண்டுபோய் 120 டிகிரிக்குச் சூடேற்றினால் வாயு தனியே பிரிந்து வந்துவிடும். நீர் மீண்டும் முதல் கோபுரத்துக்குத் திரும்பும். இந்த வழிமுறைக்கு அமெரிக்காவில் 1930-லேயே காப்புரிமை வழங்கப்பட்டுவிட்டது. உர ஆலைகளில் அம்மோனியாவுக்கான வாயுவைத் தூய்மைப்படுத்தவும் இதுபோன்ற முறைகள் நெடுங்காலமாக வழக்கில் இருக்கின்றன. பிரித்த கரியமில வாயுவையும் அம்மோனியாவையும் சேர்த்தால்தான் நம் வயலுக்குப் போடும் யூரியா கிடைக்கும்.

அந்தக் கோபுரத்துக்குள் என்ன இருக்கும் தெரியுமா? வெற்றிடமாக இருந்தால் நீர் கொட்டென்று விழுந்துவிடும். வாயுவும் நீரும் நன்றாகக் கலந்து உறவாடா. ஆகவே உள்ளே சின்னஞ்சிறு வளையங்களையும் சேண வடிவத் துண்டுகளையும் நிரப்புவார்கள். பல இடங்களில் அவை பீங்கானால் ஆனவை. ஆம், நம் விருத்தாசலத்தில் அகல் விளக்கும் பொம்மையும் செய்கிறார்களே, அதே பீங்கான் தொழிலின் உறவுதான். களிமண்ணைப் பிசைந்து, வார்த்து, சூளையில் சுடத் தெரிந்த ஊருக்கு இந்த விஞ்ஞானம் அந்நியமாகுமா?

இனி, கணக்கைப் பார்ப்போம். கணக்குப் பார்க்காத ஆர்வம் பாதி வழியில் கைவிட்டுவிடும். 12 கிலோ கரி எரிந்தால் 44 கிலோ கரியமில வாயு உண்டாகும். இது பத்தாம் வகுப்புப் பெண்ணும் போடக்கூடிய கணக்கு. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழப் பாதி ஈரம். ஆகவே ஒரு டன் எரித்தால் ஏறக்குறைய ஒரு டன் கரியமில வாயு வரும். நெய்வேலியில் ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் வெட்டி எடுக்கிறார்கள்.

மறுபக்கம், நம் தமிழ்நாட்டிலேயே புகையைப் பிடித்துக் காட்டிய ஆலை ஒன்று உண்டு. தூத்துக்குடியில் சோடா உப்புத் தயாரிக்கும் தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, அதையே சோடா உப்புக்கு மூலப்பொருளாக்கும் அமைப்பு 2016-ல் இயங்கத் தொடங்கியது. அதன் அளவு ஆண்டுக்கு 60,000 டன். அந்த முறையைத் தந்த கார்பன் கிளீன் என்னும் நிறுவனத்தை 2009-ல் தொடங்கியவர்கள் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இளைஞர்கள். அரசின் மானியம் இல்லாமலே அமைந்தது என்று உலகப் பத்திரிகைகள் வியந்து எழுதின. பெருமைதான். ஆனால் வகுத்துப் பாருங்கள்: 2 கோடியில் 60,000 என்பது முந்நூற்றில் ஒரு பங்குகூட இல்லை!

செலவும் சிறிதன்று. அமீன் நீரைச் சூடேற்ற வேண்டிய நீராவியை மின் நிலையத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அதனால் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துபோகும். நம்முடையதைப் போலவே பழுப்பு நிலக்கரி எரிக்கும் கனடா நாட்டு மின் நிலையம் ஒன்றில், சஸ்காட்சவான் மாநிலத்துப் பவுண்டரி டாம் என்னுமிடத்தில், 2014-ல் இவ்வமைப்பை நிறுவினார்கள். ஆண்டுக்கு 10 லட்சம் டன் பிடிக்கலாம் என்பது திட்டம். பழுதுகளும் தடைகளும் வந்து, நடைமுறையில் அதைவிடக் குறைவாகவே பிடிக்க முடிந்தது.

“அப்படியானால் இது வீண் வேலைதானே? நிலக்கரி எரிப்பதை நிறுத்தாமல் இருக்க ஒரு சாக்குத்தானே?” என்று ஆசிரியர் அறையில் ஒரு சக ஆசிரியை என்னிடம் வாதிட்டார். அவர் வாதத்தில் நியாயம் இருக்கிறது. நோய் வந்தபின் மருந்து தேடுவதைக் காட்டிலும் வராமல் காப்பது மேல். சூரிய ஒளியும் காற்றும் மின்சாரம் தரும்போது, கரியை எரித்துவிட்டுப் பின்னர் புகையைத் துரத்திப் பிடிப்பது சுற்றி வளைத்த வழிதான். எரிப்பதைக் குறைப்பதே முதற்கடமை. பிடிப்பது அதற்கு மாற்று ஆகாது. இதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் எல்லாப் புகையும் எரிப்பதால் மட்டுமே வருவதில்லை. பக்கத்து அரியலூரின் சிமெண்ட் ஆலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அடுப்பை முழுவதும் சூரிய மின்சாரத்தால் மூட்டினாலும், சுண்ணாம்புக் கல் சுடப்படும்போது கல்லுக்குள் இருக்கும் கரியமில வாயு வெளியேறியே தீரும். சிமெண்ட் ஆலை விடும் கரியமில வாயுவில் பாதிக்கும் மேல் அந்தக் கல்லிலிருந்து வருவதுதான். வீடு கட்டாமல், பாலம் கட்டாமல், பள்ளி கட்டாமல் இருக்கப் போகிறோமா? இல்லை. அப்படியானால் அந்த வாயுவை என்ன செய்வது? பிடிக்கத்தான் வேண்டும். ஆகவே இந்தப் படிப்பு நிலக்கரியோடு முடிந்துபோகும் படிப்பன்று. சுரங்கம் ஒருநாள் மூடலாம். இந்தக் கேள்வி மூடாது.

இனி மனிதர்களைப் பற்றிச் சொல்கிறேன். ஏனெனில் ஒரு படிப்பின் அருமை, அதற்கு வாழ்நாளைக் கொடுத்தவர்களைப் பார்த்தால்தான் விளங்கும்.

நோயைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் நம் பக்கத்துச் சிதம்பரத்தில் படித்தவர். வீரபத்ரன் இராமநாதன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1965-ல் பொறியியல் பட்டம் பெற்றார். பிறகு செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டித் தொழிற்சாலை ஒன்றில் வேலை. பெட்டியிலுள்ள குளிர்பதன வாயு ஏன் கசிந்து போகிறது என்று கண்டறிவதே அவருக்கு இட்ட பணி. அது அவருக்குப் பிடித்த வேலையாக இல்லை. பெங்களூரில் மேற்படிப்பு, பின்னர் அமெரிக்காவில் ஆராய்ச்சி. 1975-ல் அவர் வெளியிட்ட ஆய்வு உலகை விழிக்க வைத்தது: அன்று கசிந்துகொண்டிருந்த அதே இன வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் பத்தாயிரம் மூலக்கூறுகளுக்கு மேலாகப் பூமியைச் சூடாக்க வல்லது! இளமையில் சலிப்பாகத் தோன்றிய வேலையே பிற்காலத்தில் பெருங்கண்டுபிடிப்புக்கு வித்தாயிற்று. 2004-ல் திருத்தந்தையின் விஞ்ஞானக் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. பஸ் ஏறினால் போய்விடக்கூடிய ஊரிலிருந்து தொடங்கிய பயணம் அது!

நோய்க்கு மருந்து தேடுபவர்களும் தூரத்தில் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் வேதிப் பொறியியல் துறையில் பேராசிரியர் ராஜ்னீஷ் குமார் இருக்கிறார். கனடாவில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, புனே தேசிய வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிச் சென்னைக்கு வந்தவர். அவர் ஆராய்வது ஒருவகைப் பனிக்கட்டியை. குளிரும் அழுத்தமும் சரியாக அமைந்தால், நீரின் மூலக்கூறுகள் கைகோத்துக் கூண்டு கட்டும்; கூண்டுக்குள் கரியமில வாயு அடைபடும். அந்தப் பனிக்கட்டி ஒரு பங்கில், வாயு நிலையில் நூற்றைம்பது பங்கு இடம் பிடிக்கக்கூடிய கரியமில வாயு அடங்கிவிடும். அதே துறையின் பேராசிரியர் ஜிதேந்திர சங்வாயும் அவருடைய மாணவர்களும், வங்காள விரிகுடாவின் ஆழத்தில் வாயுவை இப்படி அடைத்து வைக்க இயலுமா என்று ஆராய்ந்து வருகிறார்கள். மத்திய அரசின் அறிவியல் துறை 2022-ல் மும்பை ஐ.ஐ.டி.யிலும் பெங்களூர் ஜவகர்லால் நேரு ஆராய்ச்சி மையத்திலும் கரியமில வாயுவைப் பிடித்துப் பயன்படுத்துவதற்கென்றே தேசிய மையங்களை அமைத்திருக்கிறது. 2070-க்குள் நிகர வெளியேற்றத்தைச் சுழியாக்குவோம் என்று 2021-ல் கிளாஸ்கோவில் நம் நாடு வாக்குக் கொடுத்திருக்கிறது. இன்று பதினேழு வயதான நம் மாணவிக்கு அப்போது அறுபதைத் தாண்டியிருக்கும். அவள் உழைக்கும் காலம் முழுவதும் அந்த வாக்கை நிறைவேற்றும் காலம்தான்!

“இவர்கள் எல்லாம் ஆண்கள்” என்று ஒரு குரல் எழுவது என் காதில் விழுகிறது. ஆகவே ஒரு பெண்மணியைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஜெனிபர் வில்காக்ஸ், நம் பள்ளியைப் போலப் பெண்கள் மட்டுமே படிக்கும் வெல்லஸ்லி கல்லூரியில் கணிதம் படித்தவர். பொறியியலுக்கு அப்புறம்தான் வந்தார். 2004-ல் அரிசோனாவில் வேதிப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றார். பின்பு பல பல்கலைக்கழகங்களில் ஆசிரியப் பணி. அவர் செய்தவற்றுள் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, 2012-ல் அவர் எழுதி வெளியிட்ட கரிமப் பிடிப்புப் பாடநூல். மாணவர் படிப்பதற்கேற்ற நூல் இல்லாத துறையில், தாமே பாடத்தை ஒழுங்குபடுத்தி ஒரு நூலாக்கினார். 2021-ல் அந்நாட்டு எரிசக்தித் துறை அவரை உயர்பொறுப்புக்கு அழைத்துக்கொண்டது.

நம் நாட்டிலும் முன்னோடி இல்லாமலில்லை. 1940-ல், பதினைந்து வயதில் மணமாகிப் பதினெட்டு வயதில் கைம்பெண்ணாகி, கைக்குழந்தையோடு நின்ற அய்யலசோமயாஜுல லலிதா, சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். அவர் பட்டம் பெற்றபோது, சான்றிதழ்த் தாளில் ‘அவன்’ என்று அச்சிட்டிருந்ததை அடித்துவிட்டு ‘அவள்’ என்று கையால் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்ததாம். இன்று அச்சு மாறிவிட்டது. நம் மனம் மாறியிருக்கிறதா?

இந்த இடத்தில் நான் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வேதியியலில் நூற்றுக்கு நூறு வாங்கிய ஒரு மாணவி தன் தந்தையோடு என்னிடம் வந்தாள். இரசாயனப் பொறியியல் சேரலாமா என்று கேட்டார்கள். அவள் கண்களில் ஆசை இருந்தது. தந்தையின் முகத்தில் தயக்கம் இருந்தது. நான் தந்தையின் பக்கம் சேர்ந்துகொண்டேன். “ஆலையில் இரவு ஷிப்டு எல்லாம் இருக்கும்மா. பொம்பளைப் பிள்ளைக்குச் சரிப்படாது. பி.எஸ்ஸி. படிச்சுட்டு பி.எட். முடிச்சா கௌரவமா ஒரு வேலை” என்றேன். நல்லது சொன்னதாகத்தான் நினைத்தேன். அவள் அப்படியே செய்தாள். இன்று நல்ல ஆசிரியையாக இருக்கிறாள், குறை சொல்லவில்லை. ஆனால் சென்ற ஆண்டு அவளைச் சந்தித்தபோது, “டீச்சர், அன்னிக்கு நீங்க ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா அப்பா ஒத்துக்கிட்டிருப்பார்” என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது.

நான் எங்கே தவறினேன்? ஆசிரியத் தொழிலைத் தாழ்வென்று நான் சொல்ல மாட்டேன்; அதுவே என் வாழ்வு. தவறு இதுதான்: பொறியியல் படித்தால் ஆலையில்தான் வேலை என்று நினைத்தேன். பொறியியலையும் கற்பிக்க ஆசிரியர் வேண்டும், ஆராய ஆள் வேண்டும் என்பது என் நினைவுக்கே வரவில்லை. மேலே சொன்ன பேராசிரியர்கள் காலையில் வகுப்பெடுப்பவர்கள். பிறகு ஆய்வுக்கூடம் போகிறவர்கள். பெற்றோர் பெண்ணுக்குத் தேடும் கௌரவம் அந்தப் பணியில் இல்லையா? பாதுகாப்பு இல்லையா? இரவு ஷிப்டைக் காட்டி நான் மூடியது ஒரு கதவை மட்டுமல்ல. அதற்குப் பின்னிருந்த பத்துக் கதவுகளை. அன்றியும், இரவுப் பணிக்குப் போகும் செவிலியரை நாம் தெய்வமென்று போற்றுகிறோம். அதே இரவில் ஒரு பெண் ஆலையின் கருவிகளைக் கண்காணித்தால் மட்டும் எப்படிக் குறைந்துபோவாள்?

வழி இருக்கிறதா என்று கேட்கும் பெற்றோருக்குச் சில செய்திகள். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் படித்திருக்க வேண்டும். 2007 முதல் தமிழ்நாட்டில் பொறியியலுக்குத் தனி நுழைவுத் தேர்வு இல்லாமல், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் கொண்டே கலந்தாய்வு நடந்து வருகிறது. வேதிப் பொறியியல் சென்னை அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் உண்டு. நம் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. ஐ.ஐ.டி.களில் 2018 முதல் பெண்களுக்கென்று கூடுதல் இடங்கள் ஒதுக்கினார்கள். உயர்கல்வி பயிலும் அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் 2024 இறுதியில் அது விரிவாக்கப்பட்டது. முனைவர் பட்ட ஆராய்ச்சிக்குப் போனால் செலவு என்று அஞ்ச வேண்டாம். தேசியத் தேர்வில் தேறிய இளம் ஆராய்ச்சியாளருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை என்று உயர்த்தியிருக்கிறார்கள். படித்துக்கொண்டே குடும்பத்துக்கும் கைகொடுக்கலாம்.

எளிய பாதை என்று நான் ஏமாற்ற மாட்டேன். பட்டப்படிப்பு நான்கு ஆண்டு, அதன்மேல் முதுகலை, அதன்மேல் ஆராய்ச்சி. ஆண்டுக்கணக்கில் சோதனைகள் தோற்கும். “கல்யாணம் எப்போது?” என்று ஊர் கேட்கும். அந்தக் கேள்விக்குப் பெண்ணைத் தனியே பதில் சொல்ல விட்டுவிடாமல், அவளுக்குப் பக்கத்தில் தந்தையும் தாயும் நிற்க வேண்டும். ஆசிரியையும் நிற்க வேண்டும். இம்முறை நான் நிற்பேன்.

மாணவியரே! உங்களுக்கும் ஒரு சொல். சுரங்கச் சம்பளத்து வீட்டுப் பெண்ணும் நிலம் இழந்த வீட்டுப் பெண்ணும் ஒரே பெஞ்சில் முகம் திருப்பி அமர்ந்திருந்தார்கள் என்றேனே, அவர்களுள் எவளும் குற்றவாளி அல்லள். உங்கள் பெற்றோர் தலைமுறை எரித்த கரியில்தான் நம் வீட்டு விளக்கு எரிந்தது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். அந்தக் கரிக்கு வயலையும் வானத்தையும் விலையாகக் கொடுத்தோம். அதையும் மறக்கக் கூடாது. இரண்டையும் ஒருசேர நினைக்கத் தெரிந்த பெண்தான் இந்தத் துறைக்குத் தேவை. தொலைவில் எங்கோ இருந்து ‘கரியை நிறுத்து’ என்று சொல்பவருக்குச் சம்பளக்காரன் வீட்டுக் கவலை தெரியாது. ‘எரிப்போம், கேட்காதே’ என்று சொல்பவருக்கு வயல்காரன் வீட்டுக் கண்ணீர் தெரியாது. உங்களுக்கு இரண்டும் தெரியும். அதனால்தான் நம் ஊர்ப் பெண் இதைப் படிக்க வேண்டும் என்று இத்தனை வற்புறுத்துகிறேன்.

அன்று ஆய்வுக்கூடத்தில் மணி அடித்தபின் அந்த மாணவி தயங்கித் தயங்கி என் மேசைக்கு வந்து, “டீச்சர், அதுக்கு என்ன படிக்கணும்?” என்று கேட்டாள். “அப்புறம் சொல்றேன், குழாயைக் கழுவி வை” என்றேன். இதோ, சொல்லிவிட்டேன். பெண்ணே, இந்த மலரை வீட்டுக்கு எடுத்துப் போ. அப்பாவுக்குப் படித்துக் காட்டு. அவருக்குக் கேட்க ஏதேனும் இருந்தால் என்னிடம் அழைத்து வா. முன்னொரு நாள் இன்னொரு தந்தையிடம் சொல்லத் தவறியதை அவரிடம் சொல்லக் காத்திருக்கிறேன்.

— வேதியியல் ஆசிரியை